வேண்டாம் என்றவரின் படம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் பேசச் சொல்லி ஊடகப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். லைட்டை எங்கே வைப்பது, எந்த லென்ஸ் மூக்கைப் பெரிதாகக் காட்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இந்த வளாகத்தில் நான் எடுத்த ஒரே ஒரு படத்தைப் பற்றியும், அதனால் வந்த ஒரு பிற்பகலைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கு இன்னமும் பயம்தான். அதனால் அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் சொல்வேன். உண்மைப் பெயர் தெரிந்த பழைய ஆட்கள் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

நான் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவனாகத்தான் இங்கே வந்தேன். பிறகு பேராசிரியர்கள், துறைத் தலைவர்கள், பட்டம் வாங்குகிறவர்கள், துணைவேந்தர்கள் என்று எல்லோரையும் எடுத்தேன். நம் முன்னால் வந்து உட்காருகிறவர் கொஞ்ச நேரத்துக்குத் தன்னை நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள் என்றால் இறக்குகிறார். தோளைத் திருப்புங்கள் என்றால் திருப்புகிறார். ஒரு துறையையே அதட்டி வேலை வாங்குகிறவர்கூட அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார். வருஷக்கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு கர்வம் வரும். எனக்கு வந்தது. மாட்டேன் என்பவரையும் உட்காரவைத்துவிடுவேன் என்ற கர்வம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்த ஒரு கணிதப் பேராசிரியரிடம், குரோம்பேட்டை பஸ்ஸில் அவர் மூன்றாவது தடவையாகத் தொலைத்த குடையைப் பற்றி விசாரித்தே சிரிக்கவைத்திருக்கிறேன். அந்தப் படம்தான் அவர் எழுதிய எல்லாப் புத்தகங்களின் பின்னட்டையிலும் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் பதிவாளருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வளாகத்தை நடத்துகிற எல்லா வகை மனிதர்களையும் அவரவர் வேலை செய்யும் இடத்தில் நிறுத்தி, நல்ல லைட் போட்டு, ஓவியம் மாதிரி எடுக்க வேண்டும். துணைவேந்தரும் இருக்கணும், தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் இருக்கணும். மொத்தம் நாற்பது பேர். படங்கள் முதன்மைக் கட்டடத்தின் நடைபாதையில் தொங்கும், இணையதளத்திலும் வரும். ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பெயர், வேலை. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் படம் எடுத்தவர் பெயர். அந்தச் சின்ன எழுத்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நூலகத்தின் அடித்தளத்தில் அப்போது பைண்டிங் பிரிவு இருந்தது. ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு பதித்துக் கொடுப்பார்கள். அங்கே வேலை பார்த்தவரைக் கோமதி என்று வைத்துக்கொள்வோம். தேனிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பதாவது படிக்கும் ஒரே பெண்ணோடு சிட்லபாக்கத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். கணவரைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அச்சுப் பிசகாமல் வேலை செய்வார். தன் ஆய்வேட்டைத் தானே சுமந்துகொண்டு ஓடி வந்து, நாளைக்குள் வேண்டும் என்று அழுத மாணவர்கள் எத்தனையோ பேரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

நாற்பது பேரில் ஒருவராக அவரை எடுக்க நான்தான் ஆசைப்பட்டேன். போய்க் கேட்டேன். "வேணாம் சார், என்னைய விட்ருங்க" என்றார். என் மூஞ்சி போட்டோவுக்கு சரிப்படாது என்றும் சொன்னார். இதே வார்த்தையை நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். பிறகு அவர்களே படத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பிரதி கேட்பார்கள். அதனால் அடுத்த வாரம் மறுபடி போனேன். மறுபடியும் வேண்டாம் என்றார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை, அவருக்குப் பக்கத்து மேஜைக்காரரை எடுப்பதாகச் சொல்லி லைட்டையெல்லாம் அடித்தளத்துக்குக் கொண்டுபோனேன். லைட் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். இது பழைய தந்திரம். உங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். உதவி செய்வதாக நினைத்து அவர் வந்து நின்றார். இடது முன்கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். நான் எடுக்கப்போகும்போது முந்தானை நகர்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கியிருந்த தழும்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? படத்தின் சட்டத்துக்குள் கண்ணை உறுத்துகிறதே என்றுதான் தோன்றியது. ஒரு ஆய்வேட்டை எடுத்துக் கையில் கொடுத்து, தழும்பு மறைகிற மாதிரி மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எடுத்தேன்.

படம் அப்படி வந்திருந்தது. கறுப்பு அட்டையும் தங்க எழுத்தும் அதற்கு மேலே அந்த முகமும். யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. கேமராவின் பின்பக்கத்தில் அவரிடமே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தன்னை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருக்கும் போலிருந்தது. பிறகு கேட்டார்.

"நெட்ல வருமா சார்?"

"நம்ம காலேஜ் வெப்சைட்லதான்மா. அதை யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றேன்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, எதிரே பதிவாளர் அலுவலகத்தின் பெயர் போட்ட காகிதம். கையெழுத்துப் போட்டார்.

படங்கள் வெளியானதும் நல்ல பேர். எல்லோருக்கும் பிடித்தது கோமதியின் படம். நடைபாதையில் அதன் முன்னால் நின்று மாணவிகள் செல்ஃபி எடுத்தார்கள். கோமதியே கொஞ்சம் மாறினார். ஆய்வேடுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவில் கண்ணாடி உண்டு. வண்டியை நிறுத்தி, கண்ணாடி வழியாகப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நம்பினேன்.

நாலைந்து மாதம் கழித்து யாரோ அந்தப் படத்தைக் கீழே இருந்த பெயர்களோடு இணையதளத்திலிருந்து எடுத்து, பக்கத்தில் உழைப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி, காலை வணக்கம் என்று போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

அட்மிஷன் நேரம். வளாகம் முழுக்கப் பெற்றோர்கள் கோப்புகளோடு அலைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாத கூட்டம். மதியம் மூன்று மணி சுமாருக்கு ஒரு ஆள் என் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். சலவை செய்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. மரியாதையாக வணக்கம் சொன்னான். போனை என் முன்னால் நீட்டினான். கோமதியின் படம்.

"இது நீங்க எடுத்ததுதான சார்? கீழ பேரு இருந்துச்சு. விசாரிச்சேன், இந்த ரூமுன்னாங்க."

ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து உட்காரக்கூடச் சொன்னேன். இவள் என் சம்சாரம் என்றான். சின்னச் சண்டை, கோபித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், மூன்று வருஷமாகத் தேடுகிறேன் என்றான். குரல் உயரவே இல்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நியாயமான மனிதன் என்றே யாரும் சொல்வார்கள். பிறகு போனில் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினான். என் படத்தையே பெரிதாக்கி வெட்டி வைத்திருந்தான். அதில் கோமதியின் முகம் இல்லை. பின்னால் இருந்த அலமாரியும், சுவரில் இருந்த பலகையின் பாதி எழுத்தும்தான் இருந்தன. இன்னொரு படத்தில் அவர் கழுத்து அட்டையின் நாடா. இன்னொன்றில் ஆய்வேட்டைப் பிடித்திருந்த இடது கை.

"இது எந்த பில்டிங் சார்? லைப்ரரியா?"

மனைவியைத் தேடி வருகிறவன் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருப்பான்? இவன் சுவரைப் பார்த்திருக்கிறான். எனக்கு அந்த இடது கை ஞாபகம் வந்தது. நான் அட்டை வைத்து மறைத்த தழும்பு. அவனுடைய துணிப்பையைப் பார்த்தேன். செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. அதைச் சாயாமல் பிடித்திருந்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியவை நான்கு வழிகள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லலாம். ஆனால் படத்தின் கீழேயே பெயரும் வேலையும் இருக்கிறது. சத்தம் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம். ஆனால் நூலகம் இருநூறு அடி தூரம், அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். இன்டர்காமை எடுக்கலாம். அது அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான்காவது வழி, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்வது.

"லைப்ரரிக்கு வெளியாட்கள் போகணும்னா போட்டோ பாஸ் வேணும் சார். நான்தான் எடுக்கணும். அஞ்சு நிமிஷம்தான், அப்படி உக்காருங்க" என்றேன்.

அப்படி ஒரு பாஸே கிடையாது.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். பையைக் கீழே வையுங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையசைத்து மடியிலேயே வைத்துக்கொண்டான்.

என் அறையின் அமைப்பு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, இன்றைக்கு வரும்போது பார்த்தேன். ஸ்டூல் உள்சுவரை ஒட்டி, அதற்குப் பின்னால் சாம்பல் துணி. கதவு என் முதுகுக்குப் பின்னால். கேமராவோடு இணைத்த லேப்டாப் என் பக்கத்தில், திரை என்னைப் பார்த்து. அந்த லேப்டாப்பில்தான் வாட்ஸ்அப்பையும் திறந்து வைத்திருப்பேன். நூலகர் மேடத்துக்கு எழுதினேன். அவசரத்தில் ஒரே எழுத்து நாலு தடவை விழுந்தது. கோமதியை உடனே வெளியே அனுப்புங்கள், அவர் கணவரைப் பாஸுக்குப் படம் என்று சொல்லி என் முன்னால் உட்காரவைத்திருக்கிறேன், கையில் பை, செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான். அனுப்பிவிட்டு முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க சார் என்றேன்.

இறக்கினான். முதல் படம் எடுத்தேன்.

செய்திக்குப் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிற டிக். நீலமாகவில்லை. நூலகத்துக்குள் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டவரே அந்த மேடம்தான். கண் மூடிட்டீங்க என்று இரண்டாவது எடுத்தேன். சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது என்று மூன்றாவது. வலது தோள், இடது தோள். லைட் எரியவில்லை என்று நானே ஒயரைப் பிடுங்கி நானே சொருகினேன். இத்தனை வருஷத்தில் நான் கற்ற எல்லா வார்த்தைகளையும் அன்றைக்குச் செலவழித்தேன். வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

அவன் பேச்சுக் கொடுத்தான். பொண்ணு பக்கத்தில்தான் படிக்கிறாளா என்று கேட்டான். நேரத்தை இழுக்க வேண்டும் என்ற அவசரத்தில் சிட்லபாக்கம் என்ற சொல் என் நாக்கு வரை வந்துவிட்டது. எனக்குத் தெரியாது சார் என்று முடித்தேன். அந்த ஒரு சொல்லை நினைத்து இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறும்.

டிக் நீலமானது. பதில் வந்தது. செக்யூரிட்டிக்குச் சொல்லிவிட்டேன், ஆனால் கோமதி இங்கே இல்லை, ஆய்வேடு கொடுக்க உங்கள் கட்டடத்துக்குத்தான் கிளம்பினாள், போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அதைப் படித்து முடிப்பதற்குள் நடைபாதையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பழக்கம். கண்ணாடிக்கு முன்னால் வண்டி நிற்கும், அவர் எட்டிப் பார்ப்பார், கையைத் தூக்குவார். அவன் நேரே கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் போய்க் கதவை மறைத்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்களுக்குத் தெரியும், ஃபிளாஷுக்குள்ளே, வெளிச்சம் எங்கே விழும் என்று காட்டுவதற்காக எப்போதும் எரியும் ஒரு விளக்கு உண்டு. அதை முழு அளவுக்கு ஏற்றி, அவன் கண்ணுக்கு நேரே திருப்பினேன். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்குக்குப் பின்னால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவன் முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும்.

வண்டி நின்றது.

நான் திரும்பவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், போ, போ என்று விரலை மட்டும் அசைத்தேன். வலது கையால் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்கு வெளியே எந்தச் சத்தமும் இல்லை. வண்டியும் நகரவில்லை.

"யாரு சார் அங்க?" என்றான்.

"ஆபீஸ் ஆளு. அசையாதீங்க, இதான் நல்லா வருது."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். எழப் பார்த்த மாதிரி இருந்தது. நான் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் அவன் கண் கூசி மூடியது. நான் அன்றைக்கு வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஃபிளாஷ் சூடாகி நின்றுவிடக் கூடாது என்பதுதான்.

பிறகு கதவு திறந்தது. வந்தவர் ஏழுமலை, வாசல் காவலர்களில் மூத்தவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவசரமே காட்டவில்லை.

"இன்னா சார், பாஸு ரெடியாயிடுச்சா? சாரை ஆபீசாண்ட கூட்டினு வரச் சொன்னாங்கோ. அண்ணா, அந்தப் பையக் குடு, நான் எடுத்துனு வரேன்."

அவன் பையை மார்போடு இறுக்கினான். அதற்குள் மற்ற இருவரும் இரண்டு பக்கத் தோளையும் பிடித்துவிட்டார்கள். ஏழுமலை பையின் அடியை ஒரு கையால் தாங்கி, குழந்தையை வாங்குவது போல மெதுவாக வாங்கினார். உள்ளே இருந்தது கண்ணாடி பாட்டில். அது ஆசிட் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். பாட்டில் உடையவில்லை. அவன் கத்தவும் இல்லை. போகும்போது என்னைப் பார்த்து, நல்லா எடுத்தீங்க சார் என்று மட்டும் சொன்னான். அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

வெளியே வந்தேன். நடைபாதையில் தள்ளுவண்டி நின்றது, ஆய்வேடுகளோடு. கோமதி இல்லை. தேடினோம். முதல் மாடியில், பெண்கள் கழிவறையில், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருந்தார். நூலகர் மேடம் வந்து குரல் கொடுத்த பிறகுதான் திறந்தார். கண்ணாடி வழியாக அவர் பார்த்தது என்ன என்று பிறகு சொன்னார். இருட்டறை மாதிரியான இடத்தில் அந்த முகம் மட்டும் வெளிச்சத்தில் நேராகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அவனால் தன்னைப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. அவன் பார்த்துவிட்டான், சிரிக்கிறான் என்றே நினைத்திருக்கிறார். கால் மரத்துவிட்டது. என் விரல் அசைவதைப் பார்த்த பிறகுதான் காலை எடுக்க முடிந்ததாம்.

எல்லோரும் மூச்சு விட்டோம். போலீஸ் வந்தாயிற்று, ஆள் பிடிபட்டாயிற்று என்று ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். நூலகர் மேடம் மட்டும் குடிக்கவில்லை. அவர் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் நெருக்கடியில் எப்படி யோசிக்க வேண்டும் என்பதை நான் கற்றது அவரிடம்தான்.

"அவன் தனியாத்தான் வந்தான்னு உங்களுக்கு யார் சொன்னது? பொண்ணு ஸ்கூல் விடுற நேரமாச்சு" என்றார்.

நாங்கள் ஒருவருமே அதை யோசிக்கவில்லை. அவரே ஒரு ஆட்டோவில் ஏறிப் போனார். நானும் கூடப் போனேன். தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் பதினைந்து நிமிஷம் நின்றோம். அந்தப் பதினைந்து நிமிஷம் அறைக்குள் நான் பட்டதைவிட மோசம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஒவ்வொரு பைக்கையும் ஒவ்வொரு ஆம்பளையையும் சந்தேகத்தோடு பார்த்தேன். தலைமை ஆசிரியையிடம் சொல்லி அந்தப் பெண்ணை அறைக்கு வரவழைத்தார்கள். இரட்டைப் பின்னல், ஒல்லியான பெண். எங்களை முன்னே பின்னே பார்த்ததில்லை. யார் நீங்கள் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு என்ன என்றும் கேட்கவில்லை.

"அப்பா வந்துட்டாரா?" என்றாள்.

மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியோடுதான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான் எடுத்த படத்தில் அது எதுவும் இல்லை.

அன்றைக்கு அம்மாவும் பெண்ணும் மேடத்தின் வீட்டில் தங்கினார்கள். நான் எடுத்த அவனுடைய படங்களில் ஒன்றைப் போலீசுக்குக் கொடுத்தோம். நம் எல்லா வாசல்களிலும் பள்ளிக்கூட வாசலிலும் காவலர்களிடம் கொடுத்துவைத்தோம். வழக்குப் போட்டார்கள். ஆனால் சில வாரங்களில் ஜாமீனில் வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. இணையதளத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கோமதியின் படத்தை அன்றே எடுத்துவிட்டேன். அதை எடுத்து என்ன? எத்தனை போன்களில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் இந்தப் பக்கம் இனி வாழ முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மேடம் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி வேறு எங்கேயோ ஒரு வேலை பார்த்துக்கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கோமதி தன் சாமான்களை எடுக்க அடித்தளத்துக்கு வந்திருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் எழுத்து பதிக்கும் அச்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவருக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். முழுவதும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க வேணும்னு செய்யல சார். அன்னைக்கு நீங்க இல்லன்னா நான் இல்ல. அதையும் மறக்க மாட்டேன். ஆனா நான் வேணாம்னு சொன்னேன்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருஷங்களில், படம் வெளியே போகும் என்றால் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்பேன். இந்தப் படம் யார் கண்ணிலாவது படக் கூடாதா? பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். சிலர் சிரிக்க மாட்டார்கள். ஓர் ஆராய்ச்சி மாணவி, தான் எந்த ஊரில் படிக்கிறேன் என்பதே அண்ணன்களுக்குத் தெரியாது என்றார். படப்பையிலிருந்து வரும் ஒரு காவலர், தான் செக்யூரிட்டி வேலை பார்ப்பது பெண் கொடுத்த வீட்டுக்குத் தெரியாது என்றார். இப்படி எத்தனை பேர் என் முன்னால் பயத்தோடு உட்கார்ந்து, நான் சிரிக்கச் சொன்னதும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் பழைய ஆல்பங்களைத் திறக்கவே கை வராது. ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். காரணத்தைச் சொல்வதே அவருக்கு ஆபத்தாக இருக்கலாம். லைட்டை அணைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். நாற்பது படத்துக்குப் பதில் முப்பத்தொன்பது இருந்தால் எந்தப் பதிவாளரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்.

நூலகர் மேடம் எனக்கு ஒரு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்துக்கு அவர் படத்தை நான்தான் எடுத்தேன். எடுத்து முடித்து ஆட்கள் எல்லாம் போன பிறகு, கோமதி இப்போது எங்கே இருக்கிறாள் தெரியுமா என்று ஆரம்பித்தார். பெண்ணைப் பற்றிய நல்ல செய்தி ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் கேட்க ஆசைதான். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"ஊரைச் சொல்லாதீங்க மேடம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

இருக்காங்க என்றார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்த ஊர், என்ன வேலை, அந்தப் பெண் என்ன படிக்கிறாள், எதுவும் தெரியாது. நாளைக்கே ஒருவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து, எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், அவனுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.